நிறம் வராத தண்ணீர்

தென் சூடான்
9 ஜூன் 2024

அன்பு கிருபா,

நீயும் எஸ்லினும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை, வெயிலில் கொஞ்சம் கறுத்திருக்கிறேன், அவ்வளவுதான். போனில்தான் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். இங்கே சிக்னல் கிடைப்பது சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரே மரத்தடியில். எனக்குப் பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள். அவர்கள் காதில் விழாமல் மனைவியிடம் என்ன பேசுவது? "சாப்பிட்டியா, தூங்கினியா" என்பதற்கு மேல் வாய் வருவதில்லை. கல்யாணமான புதிதில் காஷ்மீரிலிருந்து எழுதியதைப் போல எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அமைதிப்படை என்றதும் நீ பெரிய ஊரை நினைத்திருப்பாய். ஆற்றங்கரையில் ஒரு சின்ன முகாம், நூற்றிருபது பேர். சண்டைக்குப் பயந்து ஓடிவந்த சனங்கள் எங்கள் வேலியை ஒட்டித் தார்ப்பாய்க் குடிசை போட்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் காவல் நிற்பதுதான் வேலை. நாங்கள் படுப்பது தகரப் பெட்டி போன்ற அறைகளில், ஒன்றுக்கு எட்டுப் பேர். மத்தியானம் உள்ளே போனால் உடம்பு வெந்துவிடும். மழை பிடித்தால் மண் பூட்ஸைப் பிடுங்கிக்கொள்கிறது. மலேரியா வராதவன் இங்கே யாரும் இல்லை. காய்கறி ஹெலிகாப்டரில் வர வேண்டும். வராத வாரம் பருப்பும் டப்பா மீனும்தான். ராயக்கோட்டையில் விலை போகாத தக்காளியை ரோட்டில் கொட்டுவார்களே, அதை நினைத்தால் நாக்கில் நீர் ஊறுகிறது.

என்னிடம் தண்ணீர்ப் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். ஆற்றுத் தண்ணீரை இறைத்து, வடிகட்டி, குளோரின் கலந்து தர வேண்டும். குளோரின் போதுமா என்று பார்க்க, தினமும் காலையில் ஒரு குப்பியில் தண்ணீர் பிடித்துச் சோதனை மாத்திரை போடுவோம். ரோஜா நிறம் வந்தால் குடிக்கலாம். வராவிட்டால் குழாயைத் திறக்கக் கூடாது. எனக்குக் கீழே பூபதி என்று ஒரு சிப்பாய், நம் மாவட்டம்தான், சிங்காரப்பேட்டை. கருத்தான ஆள். அவன் பார்த்துச் சொல்வான், நான் பதிவேட்டில் எழுதுவேன், இருவரும் கையெழுத்துப் போடுவோம்.

நாயப் சுபேதார் பதவி உயர்வுக்கான பட்டியலில் இந்த வருடம் என் பெயர் இருக்கிறது. ஜெபத்தில் நினைத்துக்கொள்.

உன்
வெஸ்லின்


ஓசூர்
7 ஜூலை 2024

அன்புள்ள அத்தானுக்கு,

ஸ்தோத்திரம். இங்கே இருவரும் சுகம். உங்களுக்கு மலேரியா வந்ததா என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். வந்து போயிருக்கிறது என்று புரிந்துகொண்டேன்.

உங்கள் கடிதத்தைக் கம்பெனிக்கு எடுத்துப் போனேன். போனைத்தான் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். கடிதத்தை யாரும் கேட்கவில்லை. டீ இடைவேளையில் இரண்டு தடவை படித்தேன். பக்கத்து மேசை சரிதா, "என்னக்கா, லவ் லெட்டரா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

எஸ்லின் வகுப்பில் எல்லோரும் அப்பாவின் வேலையைப் பற்றிப் பேச வேண்டுமாம். இவள் எழுந்து, எங்க அப்பா ஆப்பிரிக்காவுல ஒரு முகாமுக்கே தண்ணி கொடுக்கிறார் என்று சொன்னாளாம். டீச்சர் கைதட்டச் சொன்னார்களாம். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அன்றைக்குப் பூராவும் தரையில் கால் இல்லை.

பூபதி தம்பியையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். நம் ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவர் கூட இருப்பது எனக்கு நிம்மதி.

ஜெபத்துடன்,
கிருபாராணி


தென் சூடான்
2 செப்டம்பர் 2024

அன்பு கிருபா,

நலம்தானே? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே விடாத மழை.

போன மாதம் நடுவில் முகாமில் வயிற்றுப்போக்கு வந்தது. முப்பத்தொரு பேர் படுத்துவிட்டார்கள். சுடலைமுத்து என்று ஒரு தூத்துக்குடிக்காரன் மட்டும் மோசமாகி, ஹெலிகாப்டரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனான். பிழைத்துக்கொண்டான். எனக்கு ஒன்றுமில்லை. தண்ணீரில் மருந்து போதவில்லை என்று விசாரணை நடந்தது. பூபதி கவனக்குறைவாக இருந்துவிட்டான்.

எஸ்லின் வகுப்பில் பேசியதைப் படித்தேன். இனிமேல் அப்படியெல்லாம் பேச வேண்டாம் என்று சொல். ராணுவ விஷயம்.

வெஸ்லின்


ஓசூர்
22 செப்டம்பர் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

கர்த்தர் உங்களைக் காத்தார். கடிதத்தைப் படித்ததும் முழங்கால் போட்டு ஜெபித்தேன். இப்போது உடம்பு எப்படி இருக்கிறது? கொதித்த தண்ணீர் குடிக்கிறீர்களா? நாங்கள் சுகம்.

போன ஞாயிறு ஆராதனையில் போதகர் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். எனக்கு மேடை பழக்கமில்லை. ஆனாலும் எழுந்து சொன்னேன். முப்பத்தொரு பேர் விழுந்தும் என் வீட்டுக்காரரை வியாதி தொடவில்லை, கூட இருந்தவர் செய்த தவற்றை என் வீட்டுக்காரர்தான் கண்டுபிடித்து மற்றவர்களைக் காப்பாற்றினார் என்றேன். கண்டுபிடித்தது நீங்கள்தான் என்று நீங்கள் எழுதவில்லை. நானாகச் சேர்த்துக்கொண்டேன். பொறுப்பு உங்களுடையதுதானே, நீங்கள்தான் கண்டுபிடித்திருப்பீர்கள். சபையே அல்லேலூயா சொன்னது. எஸ்லின் அழுதுவிட்டாள்.

அந்தப் பூபதியை இன்னும் உங்களோடுதான் வைத்திருக்கிறார்களா? அவரை நம்பி இனி எதையும் விடாதீர்கள்.

கிருபாராணி


தென் சூடான்
20 அக்டோபர் 2024

கிருபா,

சுகம். மழை நின்றுவிட்டது. இப்போது கொசுதான்.

பூபதியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மேல் உத்தரவு வரும்வரை ஊரில் இருப்பான். எஸ்லினுக்கு ஒரு மணிமாலையும் சில சாமான்களும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அவன் வந்தால் வாங்கிக்கொள். ரொம்பப் பேச்சுக் கொடுக்க வேண்டாம்.

சபையில் இனி என்னைப் பற்றி ஒன்றும் சொல்லாதே.

வெஸ்லின்


ஓசூர்
1 டிசம்பர் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதுகிறேன். ஆனால் உங்கள் கடைசி இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால், சனிக்கிழமை மத்தியானம் பூபதி வந்தார். ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி என்று பஸ் மாறி வந்திருக்கிறார். சட்டை தோளில் தொங்குகிறது, அத்தனை மெலிவு. "அண்ணி, நான் பூபதிங்க. அண்ணன் இத குடுக்கச் சொன்னாரு" என்றார். நான் கேட்டைத் திறக்கவில்லை. கம்பி வழியாகவே பையை வாங்கினேன். நீங்கள் பேச வேண்டாம் என்றீர்கள். என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"ஒங்க அஜாக்கிரதையால முப்பத்தோரு பேரு படுத்துட்டாங்களாமே. கொஞ்சம் பாத்துச் செஞ்சிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். எதிர்வீட்டு நாராயணம்மா மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகக் கேட்டேன்.

"அண்ணன் அப்படி எழுதியிருக்காருங்களா?" என்றார்.

"ஆமா."

"சரிங்க அண்ணி." "பாப்பா நல்லா படிக்குதுங்களா?" என்று எஸ்லினை விசாரித்துவிட்டுப் போய்விட்டார். தண்ணீர் வேண்டுமா என்றுகூட நான் கேட்கவில்லை.

மறுவாரம் அவர் மனைவி ரஞ்சிதா எங்கள் கம்பெனியில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தாள். ஊத்தங்கரையிலிருந்து விடியுமுன் கிளம்பும் கம்பெனி பஸ்ஸில் வருகிறாள். யார் என்று தெரிந்ததும் நான் லைன் முழுக்கச் சொன்னேன், இவள் புருஷன்தான் அப்படிச் செய்தவன் என்று. மறுநாள் அவள் தண்ணீர் பிடிக்கப் போனபோது ஒருத்தி, "தாயே, நீ மட்டும் புடிக்காத" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவள் பாட்டிலை மூடிவிட்டு நேரே என் மேசைக்கு வந்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். குரலை உயர்த்தவே இல்லை. "அக்கா, மூணு நாளும் கலரு வரல, கலரு வரலன்னு அவரு சொல்லினேதான் இருந்தாராம். யாருகிட்ட சொன்னாருன்னு ஒங்க வீட்டுக்காரருகிட்டயே கேட்டுக்கோங்க" என்றாள்.

அன்றைக்கு நீங்கள் போன் செய்தபோது கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது. அதன் பிறகு நீங்கள் கூப்பிடவில்லை. இரண்டு வாரம் ஆகிறது.

பூபதி யாரிடம் சொன்னார் அத்தான்? வேறு எதுவும் எழுத வேண்டாம். இதற்கு மட்டும் எழுதுங்கள்.

கிருபாராணி


தென் சூடான்
26 டிசம்பர் 2024

கிருபா,

என்னிடம்தான் சொன்னான்.

சுகம் விசாரிக்காமல் ஆரம்பித்துவிட்டேன். அதை முதலில் எழுதினால் மறுபடி மழை, கொசு என்று போய்விடுவேன். நேற்றுக் கிறிஸ்துமஸ். எல்லோரும் கேக் வெட்டினார்கள். எனக்கு உள்ளே இறங்கவில்லை.

ஆகஸ்ட் மாதம் குளோரின் தீரப்போவது எனக்குத் தெரியும். மாதம் பிறந்ததும் கேட்டு எழுதியிருக்க வேண்டும். மறந்துவிட்டேன். நினைவு வந்தபோது மழையில் ஹெலிகாப்டர் நின்றுவிட்டது. இருந்த கொஞ்சத்தை நீர்க்கக் கலந்தோம். பூபதி குப்பியைக் கொண்டுவந்து காட்டினான். "அண்ணா, கலரு வரலீங்க. கொழாய மூடிடலாங்களா?" மூடினால் ஏன் என்று கேள்வி வரும். அந்த வாரம் பெரிய அதிகாரி பார்வையிட வருவதாக இருந்தது. பதவிப் பட்டியலைப் பார்க்கிறவர் அவர்தான். "ரெண்டு நாளுதான்டா, எல்லாரும் இரும்பு வயிறு" என்றேன். பதிவேட்டில் சரியான அளவை நானே எழுதினேன். அவன் கையெழுத்துப் போடத் தயங்கினான். "போடுறா" என்றேன். போட்டான். மூன்று நாளும் அப்படித்தான்.

இத்தோடு நின்றிருந்தால் தவறு என்று சொல்லிக்கொள்ளலாம். விசாரணையில் பூபதி உண்மையைச் சொன்னான். மேஜர் சாப் என்னைப் பார்த்து, "இவன் உன்னிடம் சொன்னானா?" என்று கேட்டார். அவன் என் பக்கத்தில், தோள் படுகிற தூரத்தில் நின்றான். "இல்லை சாப்" என்றேன். பதினெட்டு வருட சர்வீஸில் என் பேச்சை யாரும் சந்தேகப்பட்டதில்லை. அன்றைக்கும் சந்தேகப்படவில்லை.

பையைக்கூட அவன் கையில் கொடுக்க எனக்கு முகமில்லை. இன்னொருவன் மூலம் கொடுத்தேன். அவன் தூக்கி எறிந்திருக்கலாம். வீடு தேடிக் கொண்டுவந்திருக்கிறான்.

இன்னும் ஒன்று. உனக்கு எழுதிய முதல் கடிதத்தில் இதை விட்டிருந்தேன், பெரிதாகத் தோன்றவில்லை. வேலிக்கு வெளியே குடிசைச் சனங்களுக்காகவும் ஒரு குழாய் விட்டிருந்தோம். அந்த மூன்று நாளும் அந்தக் குழாயும் திறந்துதான் இருந்தது. விசாரணையில் முப்பத்தொரு பேர் என்று எழுதினார்கள். முப்பத்தொரு பேரும் எங்கள் ஆட்கள். வெளியே குடித்தவர்களை யாரும் எண்ணவில்லை. எண்ணச் சொல்லி நானும் கேட்கவில்லை. நியாகோர் என்று ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு தினமும் முதல் ஆளாக வருவாள். செப்டம்பரிலிருந்து தனியாக வருகிறாள்.

என்னை என்ன வேண்டுமானாலும் நினை. எஸ்லினிடம் மட்டும் சொல்லாதே.

வெஸ்லின்


ஓசூர்
19 ஜனவரி 2025

அத்தானுக்கு,

எஸ்லினுக்குக் காய்ச்சல் வந்து சரியாகிவிட்டது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கு அடுப்பில் சோறு கருகிவிட்டது. பக்கத்திலேயேதான் நின்றேன், வாசனை தெரியவில்லை. யோசித்துப் பார்த்தேன். பொய் உங்களுடையது. ஆனால் வீடு தேடி வந்தவரைக் கேட்டுக்கு வெளியே நிற்கவைத்துத் தெருவுக்குக் கேட்கப் பேசியது நீங்கள் இல்லை. அவள் பாட்டிலைப் பார்த்துச் சிரித்ததும் நீங்கள் இல்லை. அது என் வாய். அதற்கு நான்தான் போக வேண்டும் என்று சிங்காரப்பேட்டைக்குப் போனேன்.

பூபதி வாசலில் கடலைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். "ஒக்காருங்க அண்ணி" என்று நாற்காலியைத் தள்ளினார். என்னால் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். "எங்க வீட்டுக்காரரு எழுதிட்டாரு தம்பி. நீங்க சொன்னதா எழுதிட்டாரு. நான் பேசினது தப்பு." அவர் அப்பாவும் அங்கே இருந்தார். அந்தப் பெரியவர் மகனைப் பார்த்து, "அப்போ நீ சொன்னது நெசந்தானாடா?" என்று கேட்டார். பெற்ற தகப்பனே இரண்டு மாதமாக நம்பவில்லை அத்தான். அதைக் கேட்டபோதுதான் நாம் என்ன செய்திருக்கிறோம் என்று எனக்கு விளங்கியது. ரஞ்சிதா உள்ளேயிருந்து வெளியே வரவே இல்லை.

கம்பெனியில் டீ நேரத்தில் எல்லோரிடமும் சொன்னேன். சரிதா, "இதெல்லாம் எதுக்குக்கா நீயே வெளிய சொல்ற?" என்றாள். சபையில் எழுந்து, நான் சொன்ன சாட்சி பொய் என்றேன். அல்லேலூயா இல்லை. எஸ்லின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவளிடம் முந்தின நாளே சொல்லிவிட்டேன். வேறு யார் வாயாலோ கேட்பதைவிட அது மேல். "அப்பாவா செஞ்சாரு?" என்று ஒரே கேள்வி கேட்டாள். மணிமாலையைக் கழற்றி வைத்திருக்கிறாள். நான் போடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

எனக்கு எழுதியதை அங்கே சொல்ல வேண்டியவர்களிடம் சொன்னீர்களா? சொல்லாவிட்டால் அது பாவ அறிக்கை இல்லை. உங்கள் தலையில் இருந்ததை என் தலைக்கு மாற்றியிருக்கிறீர்கள். அவ்வளவுதான்.

கிருபாராணி


தென் சூடான்
2 மார்ச் 2025

அன்பு கிருபா,

எஸ்லின் சாப்பிடுகிறாளா? நீ தூங்குகிறாயா?

உன் கடிதம் வந்த மறுநாள் காலை மேஜர் சாபிடம் போனேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். "ஆறு மாதம் எப்படித் தூங்கினாய்?" என்று மட்டும் கேட்டார். மறுபடி விசாரணை நடந்தது. பூபதியின் மேல் எழுதியதையெல்லாம் நீக்கிவிட்டார்கள்; அவன் படைக்குத் திரும்ப உத்தரவு போயிருக்கிறது. எனக்கு ஹவில்தார் பட்டை போய்விட்டது. இப்போது ஒரு படி கீழே, நாயக். பதவிப் பட்டியலிலும் பெயர் இல்லை. அடுத்த மாதம் என்னை ஊருக்கு அனுப்புகிறார்கள்.

வெளிக் குழாயைப் பற்றியும் சொன்னேன். டாக்டர் சாப் குடிசைகளுக்குப் போய் விசாரித்தார். அந்த வாரம் பதினாறு பேருக்கு வயிற்றுப்போக்கு. ஒரு குழந்தை இறந்திருக்கிறது. நியாகோரின் குழந்தைதான். அந்த மழைக்கு வேறு எதனாலும் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். "இருக்கலாம்" என்ற அந்த ஒரு வார்த்தைக்குள் ஒளிந்துகொள்ள எனக்கு இடமிருக்கிறது. ஒளிய மாட்டேன்.

மொழிபெயர்க்கிறவரோடு நானும் போனேன். அவள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். சொன்னதைக் கடைசி வரை கேட்டாள். திட்டுவாள், மண்ணை வாரி எறிவாள் என்று நின்றேன். "இப்போது தண்ணீர் நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். திரும்பி அடுப்பை ஊத ஆரம்பித்துவிட்டாள்.

இங்கே யாரும் என்னை ஒன்றும் சொல்வதில்லை. சாப்பாட்டு வரிசையில் நான் போய் நின்றால் முன்னால் இருப்பவன் ஒரு எட்டு நகர்ந்துகொள்கிறான். சுடலைமுத்து மட்டும் ஒருநாள் எதிரில் வந்து உட்கார்ந்தான். "ஒங்க பேச்ச நம்பி நானும் அவன ஏசினேன்ணே" என்றான். எழுந்து போய்விட்டான்.

பூபதிக்கு எழுதியிருக்கிறேன். ஊருக்கு வந்ததும் அவன் வீட்டுக்கு வந்து, அவன் அப்பா முன்னால், ரஞ்சிதா முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன் என்று. பஸ் ஸ்டாண்டுக்கு யாரும் வர வேண்டாம். நானே வந்துகொள்கிறேன்.

வெஸ்லின்


சிங்காரப்பேட்டை
30 மார்ச் 2025

திரு. வெஸ்லின் அவர்களுக்கு,

பூபதி எழுதுவது. இங்கே அனைவரும் நலம். உங்கள் நலத்தையும் கேட்டு எழுத வேண்டும் என்பது முறை. கேட்கிறேன்.

எப்போதும் அண்ணா என்றுதான் ஆரம்பிப்பேன். இந்தத் தடவை கை ஓடவில்லை. தவறாக நினைக்க வேண்டாம்.

உத்தரவு வந்துவிட்டது. ஏப்ரல் இருபதாம் தேதி படைக்குத் திரும்புகிறேன். அப்பா ஊரெல்லாம் அந்தக் காகிதத்தை எடுத்துப் போய்க் காட்டினார். நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. என்னை நம்பாமல் இருந்ததற்கு அவர் செய்கிற பரிகாரம் போல என்று விட்டுவிட்டேன். ரஞ்சிதா வேலையை விடவில்லை. உங்கள் வீட்டு அண்ணி தினமும் இவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாராம். இருவரும் பேசிக்கொள்வது குறைவாம்.

நீங்கள் மேஜர் சாபிடம் போய்ச் சொன்னது சின்ன விஷயம் இல்லை. அது எனக்குத் தெரியும். அந்த முகாமில் மலேரியாவில் கிடந்தபோது எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தது நீங்கள். அதையும் நான் மறக்கவில்லை. அதனால்தான் அன்றைக்கு "இல்லை சாப்" என்று நீங்கள் சொன்னபோது, அது உங்கள் குரல்தானா என்று திரும்பிப் பார்த்தேன். நீங்கள் நேரே பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

வீட்டுக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். வாருங்கள். சாப்பிட்டுவிட்டுப் போகலாம். மன்னிப்பு மட்டும் கேட்க வேண்டாம். நீங்கள் கேட்டால் நான் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். வீட்டுக்கு வந்த பெரியவரிடம், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பரவாயில்லை அண்ணா என்று என் வாய் தானாகச் சொல்லிவிடும். அது உண்மையாக இருக்காது.

இன்னொரு தடவை உண்மை இல்லாத ஒன்றுக்கு என்னைக் கையெழுத்துப் போட வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
பூபதி